பட்டறையில் பிறந்த சாஸ்திரம்

பிரெடரிக் டெய்லரின் வாழ்க்கை

தொழிற்சாலைகள் தோன்றிய நாள் முதல் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே தீராமல் இருந்து வந்த வழக்கு ஒன்று உண்டு. ஒரு நாள் கூலிக்கு எவ்வளவு வேலை நியாயம் என்பதே அந்த வழக்கு. முதலாளி கேட்பது அதிகம் என்பான் தொழிலாளி. தொழிலாளி செய்வது குறைவு என்பான் முதலாளி. இருவரிடமும் அளவுகோல் கிடையாது. அந்த அளவுகோலைக் கண்டுபிடித்துவிட்டால் வழக்கே இராது என்று நம்பி, அதற்காகத் தம் ஆயுளைச் செலவிட்டவர் அமெரிக்க எஞ்சினீயரான பிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர்.

நிர்வாக இயல் பயிலும் மாணவர்கள் தங்கள் முதல் பாடங்களிலேயே சந்திக்கும் பெயர் இது. ஆனால், அந்தச் சாஸ்திரத்துக்கு அடிகோலிய டெய்லர் வகுப்பறையிலிருந்து வந்தவர் அல்ல. இரும்புச் சீவலும் எண்ணெய்ப் பிசுக்கும் நிறைந்த பட்டறையிலிருந்து வந்தவர். பட்டறையே அவரை உயர்த்தியது. முடிவில் பட்டறையே அவரை எதிர்த்தும் நின்றது. அது ஏன் என்பதில்தான் அவருடைய வாழ்க்கையின் பாடம் அடங்கியிருக்கிறது.

செல்வர் வீட்டுப் பிள்ளை

1856-ம் வருஷம் மார்ச் 20-ந் தேதி, பிலடெல்பியா நகரின் ஜெர்மன்டவுன் பகுதியில் டெய்லர் பிறந்தார். தந்தை சட்டம் படித்தவர், வசதி மிகுந்தவர். தாயார் அடிமை முறை ஒழிப்பு இயக்கத்தில் ஈடுபட்டவர். சிறு வயதில் சில ஆண்டுகள் பெற்றோருடன் ஐரோப்பாவில் சுற்றி வந்தார். எதையும் அளந்து பார்க்கும் சுபாவம் இளமையிலேயே அவரிடம் இருந்தது. நடக்கும்போதுகூட, அடியை எப்படி எடுத்து வைத்தால் களைப்புக் குறையும் என்று எண்ணி எண்ணிப் பார்ப்பாராம்.

மகன் ஹார்வர்டு சர்வகலாசாலையில் படித்து வக்கீலாக வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். அதற்கான நுழைவுப் பரீட்சையிலும் டெய்லர் சிறப்பாகத் தேறினார். ஆனால் இரவெல்லாம் விளக்கடியில் படித்ததில் கண் கெட்டது. ஓயாத தலைவலி பிடித்துக்கொண்டது. படிப்புக்கு முழுக்குப் போட வேண்டியதாயிற்று.

1874-ல், 18 வயது வாலிபராக, பிலடெல்பியாவில் பம்புகள் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். வார்ப்படத்துக்கு வேண்டிய மாதிரிகள் செய்வதையும், இயந்திர வேலையையும் 4 ஆண்டுகள் கற்றார். முதல் வருஷம் அவருக்குக் கூலியே கிடையாது. ஹார்வர்டுக்குப் போக வேண்டிய செல்வர் வீட்டுப் பிள்ளை, விடியற்காலையில் எழுந்து, அழுக்கு உடுப்புடன் தொழிலாளிகளோடு தொழிலாளியாக வேலைக்குப் போய் வந்தார்.

ரகசியக் கட்டுப்பாடு

1878-ல் அவர் மிட்வேல் உருக்காலைக்குப் போனார். 1873-ல் தொடங்கிய தொழில் மந்தம் நீங்காத சமயம் அது. கற்ற தொழிலுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகவே சாதாரணக் கூலியாளாகவே சேர்ந்தார். பிறகு குமாஸ்தா வேலை பார்த்தார். அதன் பின் லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் நின்றார்.

அங்கே அவர் கண்ட விஷயம் ஒன்று அவருடைய சிந்தனையையே திருப்பிவிட்டது. தொழிலாளிகள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு உருப்படியிலும் நாளொன்றுக்கு இத்தனைதான் செய்வது, அதற்கு மேல் செய்வதில்லை என்பது தீர்மானமான ஏற்பாடு. உண்மையில் செய்யக்கூடியதில் மூன்றில் ஒரு பங்குதான் அந்த அளவு என்று டெய்லர் பிற்காலத்தில் கணக்கிட்டார். லேத்தில் நின்ற காலத்தில் அவரும் அந்தக் கட்டுப்பாட்டுக்கு உடன்பட்டே வேலை செய்தார்.

இது வெறும் சோம்பல் அல்ல. அதற்குக் காரணம் இருந்தது. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் முறை அங்கே நிலவியது. ஒருவன் சுறுசுறுப்பாக வேலை செய்து கூடுதலாகச் சம்பாதித்தால், முதலாளி உடனே உருப்படிக் கூலியைக் குறைத்துவிடுவார். அதிகம் உழைத்தவனுக்குக் கடைசியில் மிஞ்சுவது அதிக உழைப்பும் பழைய கூலியுந்தான். ஒரு தடவை சூடு கண்டவன் மறு தடவை உழைப்பானா?

மேஸ்திரிக்கு வந்த சோதனை

டெய்லர் மேஸ்திரியாக உயர்ந்ததும் நிலைமை மாறியது. இப்போது அவர் நிர்வாகத்தின் பக்கம். அந்த ரகசியக் கட்டுப்பாட்டை உடைத்து வேலையை வாங்குவதே தம் கடமை என்று கிளம்பினார். பழைய தோழர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் கூலியைக் குறைத்தார். அவர்கள் இயந்திரங்களை உடைத்தார்கள். உடைத்தவர்களுக்கு அவர் அபராதம் போட்டார். அபராதப் பணத்தைத் தொழிலாளர்களின் சகாய நிதிக்கே கொடுத்தார்.

இந்தப் போராட்டம் ஏறக்குறைய 3 வருஷங்கள் நீடித்தது. இரவில் ரெயில் பாதை வழியாகத் தனியே நடந்து வீடு திரும்ப வேண்டாம், உயிருக்கு ஆபத்து என்று நண்பர்கள் எச்சரித்தார்கள். அவர் கேட்கவில்லை, ஆயுதமும் எடுத்துச் செல்லவில்லை. முடிவில் வெற்றி அவருக்கே கிடைத்தது. பல இயந்திரங்களில் உற்பத்தி இரண்டு மடங்காயிற்று.

வெற்றி கிடைத்ததே தவிர, நிம்மதி கிடைக்கவில்லை. எந்தத் தொழிலாளியின் முகத்தைப் பார்த்தாலும் அதில் பகை தெரிந்தது. இப்படி ஒரு வாழ்க்கை எதற்கு என்று அவர் மனம் நொந்தார். இந்தச் சண்டைக்கு வேர் எங்கே இருக்கிறது என்று யோசித்தார். ஒரு நாளில் எவ்வளவு வேலை முடியும் என்பது நிர்வாகிக்குத் தெரியாது. தொழிலாளிக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டான். நிர்வாகியின் அறியாமையே இந்தச் சண்டைக்கு வேர் என்று அவருக்குப் பட்டது. கண் திட்டத்தையும் கைத் திட்டத்தையும் விட்டு, வேலையை அளந்து எழுதிவிட்டால் சண்டை தீரும் என்று முடிவு செய்தார்.

26 வருஷ ஆராய்ச்சி

1880-ல் ஆலைத் தலைவர் வில்லியம் செல்லர்ஸின் அனுமதியுடன், உலோகத்தைக் கடையும் முறையைப் பற்றி டெய்லர் பரிசோதனை தொடங்கினார். உளி என்ன வடிவில் இருக்க வேண்டும்? இயந்திரம் என்ன வேகத்தில் சுழல வேண்டும்? எவ்வளவு ஆழம் வெட்டலாம்? இந்தக் கேள்விகளுக்கு 6 மாதத்தில் விடை கண்டுவிடலாம் என்று எண்ணினார். பிடித்தது 26 வருஷங்கள்!

பதிவு செய்த பரிசோதனைகளே 30,000-க்கும் 50,000-க்கும் இடைப்பட்டவை. சுமார் 8 லட்சம் ராத்தல் இரும்பும் எஃகும் சீவலாகக் கழிந்தன. உளியின் முனையில் தாராளமாகத் தண்ணீர் விட்டால் வேகத்தை 30 முதல் 40 சதவிகிதம் வரை கூட்டலாம் என்று ஆரம்பத்திலேயே தெரிந்தது. வெட்டும் வேகத்தை நிர்ணயிக்கும் காரணங்கள் 12 என்று கண்டார்கள். அந்தப் பன்னிரண்டையும் ஒருங்கே கணக்குப் போட எந்தத் தொழிலாளியால் முடியும்? கார்ல் பார்த் என்ற கணித நிபுணர் அதற்காகவே ஒரு ஸ்லைடு ரூல் செய்து கொடுத்தார். நல்ல தொழிலாளி ஒருவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அரை நிமிஷத்துக்குள் விடையைக் கண்டுவிடலாம்.

இதற்கிடையே, வேலையை விடாமலே வீட்டிலிருந்து படித்து, 1883-ல் ஸ்டீவன்ஸ் தொழில் நுட்பக் கல்லூரியில் எஞ்சினீயர் பட்டமும் பெற்றார். அதற்கு முன்பு, 1881-ல் நடந்த முதலாவது அமெரிக்க தேசிய டென்னிஸ் பந்தயத்தில், கிளாரன்ஸ் கிளார்க்குடன் சேர்ந்து இரட்டையர் பட்டமும் வென்றிருந்தார். கூலியாளாகச் சேர்ந்து ஆறே வருஷங்களில் மிட்வேல் ஆலையின் தலைமை எஞ்சினீயரானார்.

பெத்லெஹெம் உருக்காலை

பின்னர் மிட்வேலை விட்டு, ஆலைகளுக்கு ஆலோசனை கூறும் தொழிலை மேற்கொண்டார். 1898-ல் பெத்லெஹெம் உருக்காலை அவரை அழைத்தது. அங்கே மான்செல் ஒயிட் என்பவருடன் சேர்ந்து, உளிக்கு ஏற்ற எஃகைப் பதப்படுத்தப் புதிய முறை ஒன்றைக் கண்டார். அவ்வாறு செய்த உளி, முனை செந்தணலாகப் பழுத்த பிறகும் மழுங்காமல் வெட்டியது. 1900-ம் வருஷம் பாரிஸ் கண்காட்சியில் அதைக் கண்ட ஐரோப்பிய எஞ்சினீயர்கள் பிரமித்துப் போனார்கள்.

அதே ஆலையில் அள்ளிப் போடும் வேலையையும் ஆராய்ந்தார். லேசான கரித்தூளானாலும் கனமான இரும்புத் தாதானாலும் ஆட்கள் ஒரே ஷவலைக் கொண்டே அள்ளி வந்தார்கள். முன்னதில் ஒரு வீச்சுக்கு மூன்றரை ராத்தல். பின்னதில் 38 ராத்தல். வீச்சுக்குச் சுமார் 21 ராத்தல் இருந்தால்தான் ஒரு நாளில் அதிகம் அள்ள முடியும் என்று பரிசோதனையில் தெரிந்தது. பொருளுக்குத் தகுந்தபடி சிறிதும் பெரிதுமாகப் பல வகை ஷவல்கள் செய்து கொடுத்தார்.

இரும்புக் கட்டிக் கதை

ஆனால், டெய்லரின் பெயரை உலகெங்கும் பரப்பியது வேறொரு வேலை. பெத்லெஹெம் ஆலையின் மைதானத்தில் 80,000 டன் கச்சா இரும்பு குவிந்து கிடந்தது. கட்டி ஒவ்வொன்றும் 92 ராத்தல். ஆட்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பலகைமேல் ஏறி ரெயில் வண்டியில் போட வேண்டும். ஓர் ஆள் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றுவது வழக்கம். நல்ல ஆள் 47 டன் ஏற்றலாம் என்றார் டெய்லர்.

ஷ்மிட் என்று அவர் பெயரிட்டு எழுதிய தொழிலாளி அதைச் செய்தும் காட்டினார். அவருடைய உண்மைப் பெயர் ஹென்றி நோல். சொன்னபோது நடந்து, சொன்னபோது உட்கார்ந்து, நாளொன்றுக்கு 1,100-க்கும் மேற்பட்ட கட்டிகளை அவர் தூக்கிப் போட்டார். அவருடைய கூலி 1 டாலர் 15 செண்டிலிருந்து 1 டாலர் 85 செண்டாக உயர்ந்தது. எவ்வளவு நேரம் தூக்கினால் எவ்வளவு நேரம் ஓய்வு வேண்டும் என்பதற்கு விஞ்ஞான விதி ஒன்றைக் கண்டதாகவும், அதன்படியே இந்த அளவு கிடைத்ததாகவும் டெய்லர் எழுதினார்.

வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலி உயர்வோ 60 சதவிகிதம். கேட்டவர்களில் பலருக்கு இந்தக் கணக்கு உறுத்தியது. இந்த வேலைக்கு உகந்தவன் எருதைப் போன்ற மந்த புத்திக்காரனாகவே இருப்பான் என்று டெய்லர் எழுதியது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதாயிற்று. ஷ்மிட் உழைத்து உழைத்தே செத்துப் போனான் என்ற வதந்தியும் கிளம்பியது. டெய்லர் ஆள் அனுப்பி விசாரித்தார். ஷ்மிட் உயிரோடுதான் இருந்தார்.

1901-ல் பெத்லெஹெம் நிர்வாகம் டெய்லரை வேலையிலிருந்து நீக்கியது. அதன் பிறகு அவர் கூலிக்கு வேலை செய்யவில்லை. பிலடெல்பியாவில் தம் பங்களாவில் இருந்துகொண்டு, தேடி வந்தவர்களுக்கெல்லாம் தம் முறையை இலவசமாகவே விளக்கி வந்தார்.

வகுப்பறையும் பட்டறையும்

1908-ல் ஹார்வர்டு சர்வகலாசாலை வர்த்தக நிர்வாகத்துக்கென்றே ஒரு கல்லூரி திறந்தது. அதன் தலைவர் எட்வின் கே, டெய்லரின் முறையைப் பாடத்தில் சேர்க்க விரும்பி அவரை நாடி வந்தார். டெய்லர் சம்மதிக்கவில்லை. இது பட்டறையில் கற்க வேண்டிய வித்தை; வகுப்பறையில் வராது என்பது அவர் அபிப்பிராயம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? ஆனால் அவர் வந்தாலும் வராவிட்டாலும் பாடம் நடக்கத்தான் போகிறது என்று தெரிந்ததும் இசைந்தார். 1909 முதல் ஆண்டுதோறும் சென்று பிரசங்கம் செய்தார். கண் கெட்டு ஹார்வர்டை இழந்தவர், 35 ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே ஆசிரியராகவே நுழைந்தார்.

1910-ல் ரெயில்வே கம்பெனிகள் சரக்குக் கட்டணத்தை உயர்த்த அனுமதி கேட்டன. அதை எதிர்த்து வாதாடிய லூயிஸ் பிராண்டைஸ், விஞ்ஞான நிர்வாகத்தைக் கையாண்டால் கட்டண உயர்வே வேண்டாம் என்று கட்சி கட்டினார். ரெயில்வேக்கள் நாளொன்றுக்கு 10 லட்சம் டாலர் மிச்சப்படுத்தலாம் என்று அவர் தரப்புச் சாட்சி ஒருவர் சொன்னது பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்தது. ஒரே நாளில் டெய்லர் நாடறிந்த மனிதரானார். 1911-ல் அவருடைய விஞ்ஞான நிர்வாகக் கோட்பாடுகள் என்ற நூல் வெளிவந்தது. ஒவ்வொரு வேலைக்கும் விஞ்ஞான முறை காண வேண்டும். அதற்குத் தகுந்த ஆளைத் தேர்ந்து பழக்க வேண்டும். நிர்வாகமும் தொழிலாளியும் ஒத்துழைக்க வேண்டும். திட்டமிடும் பொறுப்பை நிர்வாகம் ஏற்க வேண்டும். இவையே அதன் சாரம்.

வார்ப்படச் சாலையில் வேலை நிறுத்தம்

நூல் வெளிவந்த அதே ஆண்டில் சோதனையும் வந்தது. பாஸ்டன் நகருக்கு அருகே வாட்டர்டவுனில் அமெரிக்க அரசாங்கத்தின் ஆயுதச் சாலை இருந்தது. அங்கிருந்த இயந்திரப் பட்டறையில் கார்ல் பார்த் பொறுமையாக இரண்டு ஆண்டுகள் வேலை செய்தார். கருவிகளையும் இயந்திரங்களையும் முதலில் சீர்படுத்தினார். அங்கே பெரிய தகராறு எதுவும் எழவில்லை.

வார்ப்படச் சாலையிலோ இந்த முன்னேற்பாடுகள் எதுவும் நடக்கவில்லை. எடுத்த எடுப்பில் கடிகாரம் வந்தது. நேரம் குறிக்க வந்தவருக்கு வார்ப்பட வேலை பழக்கம் இல்லை. அவர் குறிப்பதைக் கண்ட ஒரு வார்ப்படத் தொழிலாளி தாமும் மறைவாக நேரம் குறித்தார். இரண்டையும் ஒப்பிட்டால், அதிகாரி விதித்ததைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் அந்த வேலைக்குப் பிடித்திருந்தது. 1911 ஆகஸ்டு மாதம், கடிகாரத்தின் முன் வேலை செய்ய மறுத்த ஒருவரை நிர்வாகம் நீக்கியதும் வார்ப்படத் தொழிலாளர்கள் வெளியேறினார்கள்.

வேலை நிறுத்தம் ஒரு வாரத்தில் முடிந்தது. ஆனால் விஷயம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கே போய்விட்டது. ஆயத்தம் செய்யாமல் கடிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனதுதான் தவறு என்பது டெய்லரின் வாதம். வார்ப்படத் தொழிலாளர்களின் வாதமோ வேறு. பல காலம் கைப்பழக்கத்தால் அடைந்த வித்தையை, அதை அறியாத ஒருவர் வந்து கணக்காக எழுதி, அந்தக் கணக்கையே கட்டளையாகத் திருப்பித் தருவதா என்பதே அவர்கள் கேள்வி.

கமிட்டியின் முன் டெய்லர்

பிரதிநிதிகள் சபை விசாரணைக் கமிட்டி ஒன்றை நியமித்தது. அதன் தலைவர் வில்லியம் வில்சன், ஒரு காலத்தில் சுரங்கத்தில் உழைத்தவர். தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். 1912 ஜனவரியில் டெய்லர் பல மணி நேரம் சாட்சியம் அளித்தார். தம் முறை வெறும் கடிகாரமும் கூலிக் கணக்கும் அல்ல, இரு தரப்பாரின் மனமும் மாறுவதே அதன் உயிர் என்று வற்புறுத்தினார். உபரியைப் பங்கு போடச் சண்டையிடுவதை விட்டு, உபரியைப் பெருக்க இருவரும் கை கோக்க வேண்டும் என்றார்.

வில்சன் விடவில்லை. முதல் தரத் தொழிலாளிக்கு இந்த ஏற்பாடு நல்லதுதான். மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டார். பாரவண்டிக் குதிரையையும் பந்தயக் குதிரையையும் உதாரணம் காட்டி, எவனும் ஏதாவதொரு வேலையில் முதல் தரமானவனே என்று டெய்லர் விளக்கினார். இங்கே பேச்சு குதிரைகளைப் பற்றியது அல்ல, மனிதர்களைப் பற்றியது என்று வில்சன் இடித்துக் காட்டினார். கடைசியில் வார்த்தை தடித்தது. சில பகுதிகளைப் பதிவிலிருந்தே நீக்கும்படி ஆயிற்று.

தடைச் சட்டம் தேவை என்று அந்தக் கமிட்டி சொல்லவில்லை. ஆனாலும் தொழிற்சங்கங்கள் ஓயவில்லை. 1915 மார்ச் மாதத்தில், ராணுவச் செலவு மசோதாவோடு சேர்த்து, அரசாங்க ஆயுதச் சாலைகளில் நேரம் குறிக்கும் கடிகாரத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. இத்தகைய தடை 1949 வரையில் அமலில் இருந்தது.

அதே மாதத்தில் டெய்லரின் வாழ்வும் முடிந்தது. பிரசங்கப் பயணம் ஒன்றிலிருந்து திரும்பியவர் நிமோனியா காய்ச்சலால் பிலடெல்பியாவில் ஆஸ்பத்திரியில் படுத்தார். மார்ச் 21-ந் தேதி விடியற்காலையில் அவர் தம் கடியாரத்துக்குச் சாவி கொடுக்கும் ஓசையை நர்ஸ் கேட்டாள். சற்று நேரம் கழித்து வந்து பார்த்தபோது உயிர் பிரிந்திருந்தது. 59-வது பிறந்த நாள் முடிந்து ஒரே நாள் ஆகியிருந்தது.

நின்றதும் வீழ்ந்ததும்

டெய்லர் முறையைக் கையாளும் தொழிற்சாலைகளை 1915-ல் ராபர்ட் ஹாக்ஸி என்ற பொருளாதாரப் பேராசிரியர் நேரில் ஆராய்ந்தார். 30-க்கு மேற்பட்ட இடங்களைப் பார்த்தும், டெய்லர் எழுதிய முறை எழுதியபடியே முழுமையாக நடக்கும் இடம் ஒன்றுகூட அவர் கண்ணில் படவில்லை. முதலாளிகள் கடிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள். மன மாற்றத்தை நூலிலேயே விட்டுவிட்டார்கள்.

1974-ல் சார்லஸ் ரெகே, அமடியோ பெரோனி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பழைய குறிப்புகளைத் தேடி எடுத்து, இரும்புக் கட்டிக் கதையைச் சோதித்தார்கள். 1899 மார்ச்சில் பெத்லெஹெமில் உண்மையாக நடந்தது என்ன? பொறுக்கி எடுத்த 10 ஹங்கேரியர்கள் முழு வேகத்தில் பதினாறரை டன்னை 14 நிமிஷத்தில் ஏற்றினார்கள். அந்த வேகத்தை ஒரு நாளைக்கு நீட்டி, ஆளுக்கு 75 டன் என்று வைத்து, ஓய்வுக்கும் தாமதத்துக்கும் 40 சதவிகிதம் கழித்து, 45 டன் என்று எழுதினார்கள். ஏன் 40 என்பதற்குப் பரிசோதனை எதுவும் இல்லை. கண் திட்டத்தை ஒழிக்கப் புறப்பட்டவரின் புகழ்பெற்ற உதாரணத்துக்கு அடியிலேயே ஒரு கண் திட்டம் இருந்தது!

கடைசல் ஆராய்ச்சியை எவரும் இப்படி வீழ்த்தவில்லை. அங்கே அவர் 26 ஆண்டுகள் இரும்போடு பழகினார். தவறானபோது இரும்பே அவரைத் திருத்தியது. இரும்புக் கட்டி விஷயத்தில் 14 நிமிஷத்தை வைத்து ஒரு மனிதனின் நாளை எழுதினார். தூக்கியவர்களை யாரும் கேட்கவில்லை. மறுத்தவர்களுக்கு வேலை போயிற்று.

2001-ல் அமெரிக்க நிர்வாக இயல் அறிஞர்கள், 20-ம் நூற்றாண்டில் தங்கள் துறையில் அதிகச் செல்வாக்குப் பெற்ற நூலாக டெய்லரின் நூலையே தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பெருமை அவருக்குத் தகும். வேலையை ஆராய வேண்டும், அளக்க வேண்டும், கருவியையும் முறையையும் திருத்த வேண்டும் என்பதை உலகுக்குக் கற்பித்தவர் அவர். ஆனால் பட்டறையில் எடுத்த சாஸ்திரத்தை மீண்டும் பட்டறையில்தான் உரைத்துப் பார்க்க வேண்டும். உரைத்துப் பார்க்கும்போது அந்த வேலையைச் செய்கிறவனின் வாய்ச் சொல்லையும் கேட்டாக வேண்டும். இரும்பிடம் 26 ஆண்டுகள் காட்டிய பொறுமையை மனிதரிடமும் காட்டியிருந்தால், வாட்டர்டவுன் வார்ப்படத் தொழிலாளி மறைவாக நேரம் குறிக்க வேண்டிய அவசியமே நேர்ந்திராது.